குட்டைத் தோட்டா விட்டுப்போகும் வளையம்

சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

“அண்ணே, எனக்கு ஒன்பது ஏக்கர் செம்பனை இருக்கிறது. காட்டுப் பன்றித் தொல்லைக்காக 12 போர் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறேன், லைசன்ஸ் என் பெயரில்தான். குழலில் 76 என்று அடித்திருக்கிறது. ஆனால் டவுனில் எப்போதும் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. ஆறு வருஷமாக அதையே போட்டுச் சுடுகிறேன், ஒரு குறையும் இல்லை. போன மாதம் கடையில் 76 வந்திருந்தது, ஒரு பெட்டி வாங்கினேன். சுலபமாக உள்ளே போனது, துப்பாக்கியும் நன்றாக மூடியது. சுட்ட பிறகு கூடு வெளியே வரவில்லை. குழல் வாய் வழியாக மூங்கில் குச்சி விட்டுத் தட்டித்தான் எடுத்தேன். இரண்டாவது தோட்டாவும் அப்படியே. டார்ச் அடித்துப் பார்த்தால் சேம்பரின் (குழலில் தோட்டா உட்காரும் இடத்தின்) முன்பக்கத்தில் கறுப்பாக ஒரு வளையம். தோட்டத்தில் ஒரு பெரியவர் ‘டிரில்லில் சேண்ட்பேப்பர் சுற்றி ஓட்டு’ என்கிறார். இன்னொருவர் ‘சேம்பரில் எண்ணெய் விட்டுச் சுடு, கூடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும்’ என்கிறார். துப்பாக்கி கெட்டுவிட்டதா? குட்டைத் தோட்டா போட்டது தப்பா? ஈப்போவில் கிளப்பில் சுடும் என் மச்சானும் ரிவால்வரில் இதே மாதிரி ஏதோ சொல்கிறான். அதுவும் இதுதானா?”

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். மீதி இருக்கும் 76 தோட்டாவை இப்போதைக்குச் சுடாதீர்கள். டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். எண்ணெயும் விடாதீர்கள். இந்த மூன்றையும் செய்யாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் துப்பாக்கி பெரும்பாலும் கெடவில்லை, அழுக்காகத்தான் இருக்கிறது. அழுக்கை எடுத்துவிடலாம். டிரில் தின்ற இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

குட்டைத் தோட்டா போட்டது தப்பா என்றால், இல்லை. 76 அடித்த சேம்பரில் 70 போடலாம், அதற்கு இடம் கொடுத்துத்தான் செய்திருக்கிறார்கள். குழல் அகல அளவு (போர்) ஒன்றே, விளிம்பு ஒன்றே, நீளம் மட்டும் ஆறு மில்லிமீட்டர் குறைவு. நீங்கள் செய்த தப்பு வேறு. ஆறு வருஷம் அந்த ஆறு மில்லிமீட்டரைத் துடைக்காமல் விட்டுவிட்டு, ஒரு நாள் திடீரென்று நீளத் தோட்டாவுக்கு மாறினீர்கள். அழுக்கு சேர்ந்தது ஆறு வருஷத்தில், அது வெளியே தெரிந்தது மாறிய அன்றைக்கு.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் எப்படிச் சுத்தம் செய்வது என்று நான் சொல்லாமலேகூட உங்களுக்குத் தெரிந்துவிடும். தோட்டா வெடிக்கும்போது கூடு வெளிப்பக்கமாக உப்பி சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டுவதால்தான் சூடான வாயு பின்பக்கம் உங்கள் முகத்துக்கு வராமல் முன்பக்கம் மட்டும் போகிறது. 70 தோட்டா என்றால் இந்த அடைப்பு 70-ஆவது மில்லிமீட்டரோடு முடிந்துவிடும். அங்கிருந்து 76 வரை வெறும் இரும்பு, மூட ஆளில்லாத ஒரு சின்னப் பள்ளம். குழலின் உட்பக்கம் சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர் அகலம், சேம்பர் அதைவிட இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைய அதிகம், ஆகவே அந்த இடம் ஒரு படிக்கட்டு மூலை மாதிரி. ஒவ்வொரு வெடியிலும் எரிந்த மருந்தின் கரி, எரியாத மருந்துத் துகள், ரவையை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன உருண்டைகளை, சுமந்து போகும் பிளாஸ்டிக் கோப்பையின் மெல்லிய படலம், கொஞ்சம் ஈயம், எல்லாம் அந்த மூலையில் போய் அப்பிக்கொள்கிறது. அடுத்த வெடியின் சூடு அதையே வேகவைத்து இறுக்குகிறது. அதன்மேல் இன்னொரு படலம். தோசைக்கல்லைத் தேய்க்காமல் ஆறு வருஷம் சுட்டால் ஓரத்தில் எப்படிக் கறுப்பு ஏறும், அப்படி.

நீளத் தோட்டாவே போட்டிருந்தால் அந்த ஆறு மில்லிமீட்டரைக் கூட்டின் வாய்ப்பகுதியே மூடியிருக்கும், கரி அங்கே உட்கார இடமே இருந்திருக்காது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். ‘சுலபமாக உள்ளே போனது, துப்பாக்கியும் நன்றாக மூடியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. தோட்டாப் பெட்டியில் 70, 76 என்று போட்டிருப்பது சுடாத தோட்டாவின் நீளம் இல்லை, தம்பி. சுட்டு, கூட்டின் வாயை மூடியிருக்கும் மடிப்பு முழுக்க விரிந்த பிறகு கூடு எவ்வளவு நீளமோ அதுதான் அந்த எண். நம்பிக்கை இல்லை என்றால் ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், நட்சத்திர மடிப்பு போட்ட 70 தோட்டா சுடுவதற்கு முன்பு 58 மில்லிமீட்டர் சுற்றில் இருக்கும், 76 தோட்டா 65 சுற்றில் இருக்கும். உங்கள் அழுக்கு வளையம் ஆரம்பிப்பது 70-இல். சுடாத 76 தோட்டா அந்த வளையத்தைத் தொடுவதே இல்லை, அதற்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. ஆகவே துப்பாக்கி அழகாக மூடும், உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் கிடைக்காது. வெடித்த நொடியில்தான் மடிப்பு விரிந்து முன்னால் நீண்டு அந்த வளையத்துக்குள் போய் முட்டுகிறது. பிளாஸ்டிக் வாய், கரியும் பிளாஸ்டிக்கும் உறைந்த சொரசொரப்பில் சூடாக அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பின்னாலிருந்து விளிம்பைக் கொக்கி எவ்வளவு தள்ளினாலும் கூடு வராது.

கூடு சிக்குவது தொந்தரவு மட்டும்தான் என்று விட்டுவிட முடியாது. மடிப்பு முழுதாக விரிய இடமில்லை என்றால் ரவையும் கோப்பையும் நெருக்கிக்கொண்டு வெளியேற வேண்டும், அழுத்தம் ஏறும். 12 போர் 70-க்கும் 76-க்கும் அமெரிக்கத் தர அளவு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. துப்பாக்கி அந்த அளவுக்குக் கட்டப்பட்டதுதான், மெல்லிய வளையம் ஒன்றினால் அன்றைக்கே குழல் வெடித்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் வளையம் எவ்வளவு தடிமன் என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு கூடுகள் தட்டி எடுக்கும் அளவுக்குச் சிக்கியிருக்கின்றன. துப்பாக்கி அதற்குத் தெரிந்த பாஷையில் சொல்லிவிட்டது.

ஆறு வருஷமாக ஒரு முறைகூட ரிப்பேர்க்காரரிடம் காட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, நம் தோட்டத்து ஆட்களிடம் இந்தத் தயக்கம் பழசு. 1948 ஜூன் 16-ஆம் தேதி உங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், உடனே அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அந்தப் பன்னிரண்டு வருஷம் துப்பாக்கி என்ற சொல்லையே லயத்தில் மெதுவாகத்தான் சொல்வார்கள் என்று என் அப்பா சொல்வார். 1960-இல் வந்த ஆயுதச் சட்டம்தான் இன்றும் நம்மை ஆள்கிறது, அதற்கு மேல் 1971-இல் வந்த கடும் தண்டனைச் சட்டமும் இருக்கிறது. பயப்பட வேண்டிய சட்டங்கள்தான், ஆனால் அவை லைசன்ஸ் இல்லாமல் வைத்திருப்பவனுக்கும் தப்பாகப் பயன்படுத்துபவனுக்கும். லைசன்ஸோடு இருக்கும் நீங்கள் உரிமம் உள்ள கடைக்குத் துப்பாக்கியை எடுத்துப் போய்க் காட்டுவதில் ஒளிக்க என்ன இருக்கிறது? கொண்டுபோகும் வழிமுறையில் சந்தேகம் இருந்தால் பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கேட்பவனை அவர்கள் நல்லபடியாகத்தான் நடத்துகிறார்கள், முப்பது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிறேன்.

சரி, அந்த டிரில் விஷயம். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே அதைச் செய்திருக்கிறேன். வேலை பழகிய இரண்டாவது வருஷம், ஒரு பட்டறையில் உதவியாளாக இருந்தேன். ஒரு பெரியவர் இரட்டைக் குழல் ஒன்றைக் கொண்டுவந்தார், வலது சேம்பரில் இதே மாதிரி வளையம். முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் குச்சியில் எமரி பேப்பரைச் சுற்றி டிரில்லில் மாட்டி ஓட்டினேன். வளையம் போய்விட்டது, பளபள என்று இருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதத்தில் பெரியவர் திரும்பி வந்தார், அந்தக் குழலில் சுடும் கூடெல்லாம் வாய்ப்பக்கம் கீறிக்கொண்டு வருகிறது என்றார். அளந்து பார்த்தபோது நான் அழுக்கை மட்டும் தேய்க்கவில்லை, சுவரையும் தேய்த்திருந்தேன், அதுவும் ஒரு பக்கம் அதிகமாக, சேம்பர் வட்டமாகவே இல்லை. டிரில் கையில் ஆடும், கரி இறுகிய இடத்தில் வழுக்கிவிட்டு மெத்தென்ற இரும்பில் போய்க் கடிக்கும். அந்தக் குழலைக் காப்பாற்ற முடியவில்லை. அது அவருடைய தகப்பனார் வைத்திருந்த துப்பாக்கி. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, தம்பி.

இன்னொன்றும் உண்டு. சேம்பரைக் குடைவது, அகலப்படுத்துவது எல்லாம் ரிப்பேர் வேலை, அதற்கு உரிமம் வேண்டும். சொந்தத் துப்பாக்கியைத் துடைப்பது உங்கள் கடமை, இரும்பை வெட்டுவது உங்கள் வேலை இல்லை.

எண்ணெய் யோசனை சொன்னவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அது டிரில்லைவிட மோசமாகவும் முடியலாம். கூடு சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்வதால்தான் வெடியின் பின் உதையில் ஒரு பங்கை அந்தச் சுவரே தாங்குகிறது. எண்ணெய் விட்டால் கூடு பிடிக்காமல் வழுக்கும், முழு உதையும் துப்பாக்கியின் பின்முகத்திலும் பூட்டிலும் விழும். மடக்குத் துப்பாக்கிக்கு, மலாய்க்காரர்கள் செனாபாங் பாத்தா என்பார்களே அதற்கு, உயிரே அந்தப் பூட்டுதான். சுத்தம் செய்து வைக்கும்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு நல்லது. சுடப் போவதற்கு முன்பு அதைத் துணியால் உலரத் துடைத்துவிட வேண்டும்.

இனி சுத்தம் செய்வது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வையுங்கள். முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும், குழலை மட்டும் வேலை மேசைக்குக் கொண்டுபோங்கள். காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் சிகரெட்டு, அடுப்பு கூடாது, கையுறை போடுங்கள். குழல் கழுவும் திரவம் (ஹோப்பிஸ் நம்பர் 9 மாதிரி எதுவானாலும் சரி) பருத்தித் துணியில் நனைத்து, அந்தத் துணியைச் சேம்பரின் முன்பகுதியில், வளையம் இருக்கும் இடத்தில் அழுத்தி வைத்துவிட்டு இருபது நிமிஷம் விடுங்கள். எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான், ஊற்றின உடனே தேய்க்க ஆரம்பிப்பார்கள். இறுகிய கரிக்குள் திரவம் இறங்க நேரம் கொடுக்க வேண்டும், ஊற வைத்த பாத்திரம் மாதிரி.

அப்புறம் வெண்கல பிரஷ். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் சாதாரண 12 போர் பிரஷ் குழலுக்கு வாங்கியது, சேம்பர் அதைவிட அகலம், ஆகவே அது சேம்பர் சுவரைத் தடவிவிட்டுப் போகுமே தவிர தேய்க்காது. ஆறு வருஷமாக நீங்கள் பிரஷ் போட்டிருந்தாலும் வளையம் போயிருக்காது, காரணம் இதுதான். சேம்பர் பிரஷ் என்றே தனியாகக் கொஞ்சம் தடியாக விற்கிறார்கள், துப்பாக்கிக் கடையில் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் பழைய வெண்கல பிரஷ்ஷில் மிக மெல்லிய நாலு சைபர் ஸ்டீல் ஊலை எண்ணெயில் நனைத்துச் சுற்றிக்கொள்ளலாம், அல்லது செம்புச் சுருள். சமையலறைச் செம்புச் சுருளை எடுப்பதற்கு முன்பு ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு, வெளியே செம்புப் பூச்சு மட்டும், அது வேண்டாம்.

கம்பியைக் கையால் பிடித்து, சேம்பர் பக்கமிருந்து உள்ளே விட்டு, ஒரே பக்கமாகச் சுழற்றுங்கள். முப்பது சுற்று. துணியால் துடையுங்கள், துணியில் என்ன வருகிறது என்று பாருங்கள். மங்கிய கறுப்பு என்றால் கரி. நூல் நூலாக, சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டு உரிந்து வந்தால் பிளாஸ்டிக். வெள்ளிச் செதில் மாதிரி வந்தால் ஈயம். மறுபடி திரவம், மறுபடி இருபது நிமிஷம், மறுபடி சுழற்றல். ஆறு வருஷத்து வளையம் ஒரே தடவையில் போகாது, நான்கைந்து தடவை ஆகலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஒதுக்குங்கள். அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் விழுகிற ஒரு கீறல், அடுத்த அழுக்கு ஏறிப் பிடிக்க நல்ல வசதியாகிவிடும்.

வளையம் முழுக்கப் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டார்ச் ஏமாற்றும், ஏனென்றால் சேம்பர் முடிந்து குழல் குறுகும் சரிவும் ஒரு நிழல் வளையமாகத்தான் தெரியும். அந்த நிழலை அழுக்கு என்று நினைத்து வருஷக்கணக்கில் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது, நீங்கள் தட்டி எடுத்தீர்களே, அந்த இரண்டு 76 காலிக் கூடுகள். வாய் நசுங்கியிருந்தால் விரலால் வட்டமாக்கி, சிதைந்த பிசிறைக் கத்தியால் எடுத்துவிட்டு, துடைத்து உலர்த்திய சேம்பருக்குள் மெதுவாக விடுங்கள். சுட்டு விரிந்த கூடு ஆயிற்றே, முழு 76 நீளமும் இருக்கும். சுத்தமான சேம்பரில் விளிம்பு வரைக்கும் போய் உட்கார வேண்டும். ஐந்தாறு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிட்டால் முட்டுவது வளையத்தில்தான். ஒவ்வொரு தடவை தேய்த்து முடிந்ததும் போட்டுப் பாருங்கள், எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதே எவ்வளவு அழுக்கு போயிருக்கிறது என்று சொல்லும். இதற்குக் காலிக் கூடு மட்டும்தான், உயிருள்ள தோட்டாவை வைத்து வீட்டில் ஒருபோதும் சோதிக்காதீர்கள், அதோடு முன்பே சொன்ன மாதிரி சுடாத தோட்டா வளையத்தைத் தொடவே தொடாது, அந்தச் சோதனை உங்களுக்கு எதையும் சொல்லாது.

கூடு விளிம்பு வரை போய் உட்கார்ந்த பிறகும், அந்த இடத்தில் பஞ்சு சுற்றிய குச்சியைத் தடவினால் பஞ்சு நார் பிடித்து இழுக்கிறது என்றால் அது அழுக்கு இல்லை, துருக்குழி. இதுதான் எனக்கு உண்மையான கவலை. நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும், செருப்பை ஒரு வாரம் போடாமல் விட்டால் பூசணம் பூக்கிறது. கரி வளையம் பஞ்சு மாதிரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மேலே பிளாஸ்டிக் படலம் அதை மூடிவிடும், அடியில் இரும்பு சத்தமில்லாமல் அரிக்கும். உள்ளே குரோம் பூசிய குழல் என்றால் இந்த ஆபத்து குறைவு. குழி லேசாக இருந்தால் 70 தோட்டாவோடு வாழ்ந்துவிடலாம், கூடு அங்கே வருவதே இல்லை. ஆழமாக இருந்தால் ரிப்பேர்க்காரர் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அது எழுத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

உங்கள் மச்சான் ரிவால்வருக்கு வருகிறேன். .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போட்டுச் சுடுகிறார் என்று நினைக்கிறேன், கிளப்புகளில் வழக்கம்தான், விலை குறைவு, உதையும் குறைவு. நோய் அதேதான், ஆனால் அறிகுறி நேர் எதிர். 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது .38 கூட்டையே கொஞ்சம் நீட்டினார்கள், பலம் கூடிய புதுத் தோட்டா பழைய .38 துப்பாக்கிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. .38 கூடு 29.3 மில்லிமீட்டர், .357 கூடு 32.8. வித்தியாசம் மூன்றரை மில்லிமீட்டர் சுற்று. வளையம் அந்த மூன்றரையில் விழுகிறது, சிலிண்டரில் ஆறு துளை என்றால் ஆறிலும். பித்தளைக் கூட்டுக்கு விரியும் மடிப்பு கிடையாது, சுடுவதற்கு முன்பே முழு நீளம். ஆகவே .357 போடும்போதே வளையத்தில் முட்டி, தோட்டா பாதியில் நிற்கும், சிலிண்டர் மூடாது அல்லது சுற்றும்போது உரசும். உங்கள் துப்பாக்கி சொல்லாத எச்சரிக்கையை அவருடைய ரிவால்வர் முன்கூட்டியே சொல்கிறது.

அந்த எச்சரிக்கையைக் கட்டைவிரலால் அமுக்கி உள்ளே தள்ளுவதுதான் ஆபத்து. .38 ஸ்பெஷலுக்கு அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357-க்கு 35,000, இரண்டு மடங்குக்கும் மேல். கூட்டின் வாய் வளையத்துக்குள் இறுக்கமாகப் போய் மாட்டிக்கொண்டால் குண்டை விட வாய் விரிய இடமில்லை, 35,000-க்கு மேலே எங்கே போகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவரிடம் சொல்லுங்கள், .38-இலிருந்து .357-க்கு மாறும் ஒவ்வொரு முறையும் துளைகளைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மாற வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் சுடுவதென்றால் முதலில் .357, பிறகு .38. இந்த வரிசை ஒன்று போதும், பாதித் தலைவலி போய்விடும். பிரஷ் ஒரு அளவு பெரியதாக, .40 என்று போட்ட வெண்கல பிரஷ் அந்தத் துளைக்குச் சரியாக இறுகும். பூச்சில்லாத ஈயக் குண்டு சுடுகிறவர் என்றால் குண்டில் பூசிய மெழுகும் சேர்ந்து வளையம் வேகமாக வளரும், நூறு தோட்டாவுக்கு ஒருமுறையாவது பிரஷ் போடட்டும். கறுப்பு முலாம் போட்ட ரிவால்வரில் ஈயம் எடுக்கும் மஞ்சள் துணியை வெளிப்பக்கம் தேய்க்க வேண்டாம், முலாம் போய்விடும். வினிகரையும் பெராக்சைடையும் கலந்து ஊறவைத்தால் ஈயம் கரையும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கரைவது உண்மைதான், கரைந்து கிடைப்பது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகக்கூடிய ஈய விஷம், இரும்பையும் அது விடாது.

.22 ரைஃபிளிலும் இதே கதைதான், .22 ஷார்ட் தோட்டாவை லாங் ரைஃபிள் சேம்பரில் பல வருஷம் சுட்டால் அங்கே கரி மட்டும் இல்லை, சூடான வாயு இரும்பையே தின்று ஒரு பள்ளம் விழுந்துவிடும், பிறகு நீளக் கூடு அந்தப் பள்ளத்துக்குள் உப்பி மாட்டிக்கொள்ளும். காசு கொடுத்துக் குறி பார்த்துச் சுடும் பழைய சந்தைக் கூடாரங்களின் துப்பாக்கிகளில் அதிகம் இருந்த கோளாறு இது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும். குட்டைத் தோட்டாவை நீள சேம்பரில் போடலாம் என்பதைத் தலைகீழாக ஞாபகம் வைத்துக்கொள்ளாதீர்கள். நீளத் தோட்டா குட்டை சேம்பருக்குள் நன்றாகவே போகும், காரணம் அதேதான், சுடாதபோது அது குட்டையாக இருக்கிறது. வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமே இல்லாமல் குழலின் குறுகலில் போய் அடைக்கும். அங்கே முட்டுவது சுரண்டி எடுக்கக்கூடிய கரி இல்லை, இரும்பு. தோட்டத்து ஊர்களில் துரைமார் காலத்து ஆங்கிலேய இரட்டைக் குழல்கள் இன்னும் லைசன்ஸோடு இருக்கின்றன, அவற்றில் பல 65 மில்லிமீட்டர் சேம்பர், இரண்டரை அங்குலம். கடையில் கிடைக்கும் 70 தோட்டாவே அவற்றுக்கு நீளம். குழலைக் கழற்றி அடிப்பக்கத் தட்டையான இடத்தில் என்ன அடித்திருக்கிறது என்று பாருங்கள். 2½ என்று இருந்தாலும், எதுவுமே படிக்க முடியாவிட்டாலும், ரிப்பேர்க்காரர் சேம்பரை அளந்து சொல்லும்வரை ஒரு தோட்டாவும் போடாதீர்கள்.

உங்களுக்கு இனி எந்தத் தோட்டா என்று கேட்டால், பன்றிக்கு 70-இல் வரும் எஸ்.ஜி. என்ற பெரிய ரவையே போதும் என்பது என் அபிப்பிராயம். நீளத் தோட்டாவில் ரவை கூடும், உதையும் கூடும், தோளும் வலிக்கும், இருபது கெஜ தூரத்தில் செம்பனை வரிசைக்குள் நிற்கும் பன்றிக்கு அது தேவையில்லை. பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) வேட்டை லைசன்ஸ் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், 2010 வனவிலங்குச் சட்டத்தில் பன்றிக்கும் அது வேண்டும். 70-ஐயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை சுட்டு வந்த அன்றைக்கே, குழல் ஆறியதும், சேம்பர் முன்பக்கத்தில் நனைத்த துணியும் பிரஷ்ஷும் பத்துச் சுற்று போடுங்கள். சூட்டோடு சூடாகப் படிந்த புது அழுக்கு பத்து நிமிஷத்தில் வந்துவிடும், ஒரு வாரம் விட்டால் ஒரு மணி நேரம் ஆகும். துப்பாக்கியைத் தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையில்லாமல், அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். துடைத்த துணியைக் கட்டி எறியுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்குங்கள், அந்தக் கறுப்பில் ஈயம் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தும் அந்தக் காலிக் கூடு விளிம்பு வரை உட்காரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, உரிமம் உள்ள ரிப்பேர்க்காரரிடம் எடுத்துப் போங்கள். போகும்போது சிக்கிய இரண்டு கூடுகளையும் கையோடு கொண்டுபோங்கள். வாய் எங்கே நசுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் கீறியிருக்கிறது என்று பார்த்தாலே அவருக்குப் பாதி தெரிந்துவிடும்.